கை லீவு

“திருப்பு,” என்கிறார் ஆபித் பாஷா. நீட்டிய கை திரும்புகிறது. “விரி.” விரல்கள் விரிகின்றன. விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, நகக்கண்ணில் சற்று நின்று, “போ. சாயங்காலம் வந்து மருந்து வாங்கிக்கோ,” என்று அனுப்பிவிட்டு அடுத்த கைக்கு நகர்கிறார். ஆள் யாரென்று நிமிர்ந்து பார்ப்பதில்லை. காலை எட்டு மணியிலிருந்து எட்டே முக்கால் வரை, ஆம்பூருக்குச் சற்றுத் தள்ளி பாலாற்றங்கரையில் இருக்கும் ஒரு தோல் தொழிற்சாலையின் வாசலில், வாட்ச்மேன் கூண்டை ஒட்டி நின்றுகொண்டு, உள்ளே போகிற இருநூற்றுச் சொச்சம் பேரின் கைகளையும் இப்படித்தான் பார்க்கிறார்.

“மூஞ்சியப் பாத்தா பேஜார் சார். ‘நல்லாதான் இருக்குறேன் பாய்’னு சிரிக்கும். கைக்கு சிரிக்கத் தெரியாது,” என்றார் என்னிடம்.

அந்தத் தொழிற்சாலையின் முதலுதவி அறைக்கு அவர்தான் ராஜா, அவர்தான் மந்திரி, பெருக்குவதும் அவர்தான். வயது அறுபத்தொன்று. பத்தாம் வகுப்பில் கணக்கு காலை வாரிவிட்டதால் வேலூரில் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கப் போனார். பதினோரு வருடம் அங்கே இருந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். எல்லோருக்கும் ‘கம்பவுண்டர் பாய்’. ஒரு மேஜை, ஒரு இரும்புக் கட்டில், பூட்டுப் போட்ட ஒரு கண்ணாடி அலமாரி, இவ்வளவுதான் அவருடைய ராஜ்யம். சட்டைப்பையில் பஞ்சு சுற்றிய ஒரு சின்ன இடுக்கி எப்போதும் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும்.

முதல் நாள் நான் கைகுலுக்கக் கையை நீட்டியபோது அவர் குலுக்கவில்லை. பழக்க தோஷம், வாங்கித் திருப்பிப் பார்த்தார். நடுவிரலின் முதல் கணுவைத் தொட்டு, “எழுதுற கை. இங்க மட்டும் காச்சிருக்குது. மத்தபடி ஒரு வேலையும் பாக்கல,” என்றார். பத்திரிகைக்காரனை இதைவிடச் சுருக்கமாக யாரும் எடை போட்டதில்லை.

தோலைப் பதப்படுத்தும் ரசாயனத்தில் வருடக்கணக்காகப் புழங்கும் கைகளில் சிறு வட்டமாக ஒரு புண் வரும். ஓரம் தடித்து, நடுவில் குழியாக, ஆணி அடித்து எடுத்தது போல இருக்கும். ‘பொத்தல்’ என்று இங்கே பெயர். முதலில் அரிக்கும். பிறகு வலிக்கவே வலிக்காது. வலிக்காததால் யாரும் மருத்துவரிடம் போவதில்லை. தேங்காய் எண்ணெய், துத்தநாகப் பொடி, இடித்த வைட்டமின் மாத்திரை மூன்றையும் குழைத்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வைக்கிற சின்ன டப்பிகளில் அடைத்து, ‘பாய் மருந்து’ என்று கொடுக்கிறார். வைட்டமின் ஏன் என்று கேட்டேன். வேலூர் டாக்டர் என்றோ போகிறபோக்கில் சொன்னதாம். “அவரு சொன்னாரு, நான் புடிச்சிக்கினேன்.”

சும்மா இருக்கையில் வலிக்காவிட்டாலும், பொத்தல் இருக்கிற கையால் காரக் குழம்பைப் பிசைந்தால் எரியும். அதனால் அவர்களுக்கெல்லாம் ஒரு எவர்சில்வர் ஸ்பூனும் தருகிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தால் வரிசையாகக் கையால் சாப்பிடுபவர்களுக்கு நடுவே அங்கங்கே ஒரு ஸ்பூன் மின்னும். “துரைங்க சாப்புடுறாங்க பாரு,” என்று பக்கத்திலிருப்பவர்கள் கேலி செய்வார்கள். ஸ்பூன்காரர்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும் வழியில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொள்வார். கழிவுநீர் வாய்க்கால் ஓரம், பழைய தென்னந்தோப்பு, மாடு மேயும் புறம்போக்கு என்று ஐந்தாறு இடங்களில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் போவார். திரும்பி வரும்போது குனிந்து எறும்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பார். வந்திருந்தால், “இங்க மண்ணு உசுரோட இருக்குது.” வராவிட்டால் உருதுவில் ஏதோ முணுமுணுப்பார். ஆற்றை ஒட்டிய இரண்டு இடங்களில் ஏழு வருடமாக ஒரு எறும்பும் சர்க்கரையைத் தொடவில்லை என்றார். அங்கே மேய்ந்த ஒரு மாடு கன்று போடாமலே போனதையும், தோப்பில் காய் சிறுத்ததையும் தேதியோடு சொன்னார். மண்ணுக்கு நாடி பார்க்கும் வைத்தியரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

‘கை லீவு’ பற்றி அவர் சொன்னதும் அந்த முதல் நாளில்தான்.

வருடத்துக்கு ஒருமுறை டிசம்பர் மாதம் தொழிற்சாலைக்கு மருத்துவப் பரிசோதனை வேன் வரும். தொழிலாளர்களைப் பார்த்து, ‘தகுதி’, ‘தகுதியில்லை’ என்று தாளில் எழுதிக்கொண்டு போகும். ஆபித் பாஷா வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வருடம், தோலை ரசாயனத்தில் உருட்டும் டிரம்மை ஓட்டுகிற கோதண்டராமன் என்கிற ஆபரேட்டரின் கையைப் பார்த்துவிட்டுத் ‘தகுதியில்லை’ என்று எழுதினார்கள். ஒரே மாதத்தில் வேலை போயிற்று. ஜோலார்பேட்டையில் மூட்டை தூக்கப் போன கோதண்டராமன் அடுத்த பொங்கலுக்கு வந்து முதலுதவி அறை வாசலில் நின்று, “பாய், நீ வரிசையில நிக்க வெச்ச. அந்தப் பேப்பரு என் சோத்தத் தின்னுடுச்சு,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த டிசம்பரிலிருந்து ஆபித் பாஷா ஒரு வழி கண்டுபிடித்தார். வேன் வரும் நாளைக்கு முந்தின நாளே, கை மோசமாக இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “நாளைக்கு நீ வராத,” என்பார். மேனேஜரிடம் போய், “இவங்களுக்கெல்லாம் நாளைக்கு சம்பளத்தோட லீவு குடுத்துடுங்க,” என்பார். இப்போதிருக்கும் மேனேஜர் அஸ்பாக் சின்ன வயது, நல்ல படிப்பு, மரியாதை தெரிந்தவர். காரணம் கேட்கமாட்டார். “நீங்க பாத்துக்குங்க பாய்,” என்று கையெழுத்துப் போடுவார். அதற்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர்தான் கை லீவு.

அது ஒரு குட்டிப் பண்டிகையாகவே ஆகிவிட்டிருந்தது. கை லீவுக்காரர்கள் அன்று கோயிலுக்குப் போவார்கள், பிள்ளைகளைப் பார்க்கப் போவார்கள். ரசாயனக் கிடங்கில் மூட்டை பிரித்துத் தூள் அளந்து போடும் சுந்தரி, ஒன்பது வருடமாக அந்த நாளில் பள்ளிகொண்டாவில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய், வரும்போது பாய்க்கு ஒரு பொட்டலம் அதிரசம் கொண்டு வருவார். “அது உங்க லீவு பாய், உங்களுக்குத்தான் மொதல்ல,” என்று மேஜையில் வைப்பாராம். இதைச் சொல்லும்போது பாய்க்கு முகம் கொள்ளாத சிரிப்பு. நானும் சிரித்தேன். நோட்டில் ‘சாமர்த்தியம்! ஈரமுள்ள சாமர்த்தியம்!’ என்று இரண்டு ஆச்சரியக்குறி போட்டு எழுதிக்கொண்டேன்.

ஊருக்கு வந்ததும் அவரைப் பற்றிய சொற்சித்திரத்தை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். ஏழைகளின் சோற்றைக் காத்த கம்பவுண்டர் என்று கடைசிப் பத்தியில் ஒரு மாலையும் போட்டேன். புகைப்படம் மட்டும்தான் பாக்கி. அது இல்லாததால் அச்சுக்குப் போகவில்லை. அப்பாடா என்று இப்போது பெருமூச்சு விடுகிறேன்.

புகைப்படம் எடுக்க நவம்பர் கடைசியில் போனேன். முதலுதவி அறையில் முத்துமாரி என்ற இளம் டாக்டர் உட்கார்ந்திருந்தார். ஒரு மருத்துவமனையிலிருந்து வந்திருந்தார். ஜோலார்பேட்டை ரயில்வே குடும்பத்துப் பெண். மடியில் ஒரு கட்டுத் தாள்கள். தோல் தொழிலாளர்களுக்காக நுரையீரலும் சருமமும் பார்க்கிற ஒரு நடமாடும் கிளினிக் தொடங்கப் போகிறார்களாம். வாரத்துக்கு இரண்டு நாள், மருந்து, பரிசோதனை எல்லாம் இலவசம். மூன்று இடங்களில்தான் நிறுத்த முடியும். எங்கே நோய் அதிகமோ அங்கே. அதற்காகக் கடந்த பத்து வருடப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டியிருக்கிறார்கள்.

“உங்க கம்பெனி லிஸ்ட்ல கடைசி பாய்,” என்றார் டாக்டர். குரலில் உண்மையான பாராட்டு இருந்தது. “பத்து வருஷத்துல தோல் வியாதி ரெண்டே பேருக்கு. மூச்சுத் தொந்தரவு ஒருத்தருக்குக்கூட இல்ல. நாங்களே ஆச்சரியப்பட்டோம். அப்படி இன்னா மருந்து பாய் குடுக்குறீங்க? எங்களுக்கும் சொல்லுங்க.”

ஆபித் பாஷா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். ஆற்றோரக் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்ததில் நிலைமை மோசமாக இருந்திருக்கிறது. ஆனால் போன வருடம் நடந்த ஒரு கூட்டத்தில் யாரோ எழுந்து, ‘தண்ணீர் கெட்டிருக்கலாம், மண் கெட்டிருக்கலாம், அதனால் மனிதர்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, இதோ ஆதாரம்’ என்று இந்தத் தாள்களைத்தான் காட்டினார்களாம். “இருநூறு பேரு தினமும் உள்ளயே நிக்கிறாங்க, அவங்களுக்கே ஒண்ணும் இல்லைன்னா ஊருக்கு இன்னா வரப்போவுதுன்னு கேட்டாங்க. எங்களால பதில் சொல்ல முடியல.”

மனிதர் முகம் போன போக்கை நான் எழுதத்தான் வேண்டும். அவமானத்தில் ரத்தம் ஏறிச் சிவக்கும் என்பார்கள். இவருக்கு வடிந்துபோயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் மண்ணுக்குச் சர்க்கரை வைத்துப் பார்த்தவர், அந்த மண்ணின் வாயை அடைத்த கை தன்னுடையதுதான் என்பதை அந்த மேஜையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு என் நோட்டில் இருந்த இரண்டு ஆச்சரியக்குறிகள் நினைவுக்கு வந்தன. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அலமாரிப் பூட்டைப் பார்த்தேன்.

“டாக்டரம்மா, அந்தப் பேப்பரு பொய்,” என்றார். “எழுதுனவங்க பொய் எழுதல. அவங்க கண்ணுல நான் காட்டல.”

கை லீவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். என்னிடம் சொன்னபோது இருந்த சிரிப்பு ஒரு இடத்திலும் வரவில்லை. அதே கதைதான், அதே வார்த்தைகள்தான். கேட்க அருவருப்பாக இருந்தது.

டாக்டர் முத்துமாரி திட்டவில்லை. தாளைத் திருப்பிப் பேனாவை எடுத்து, “பேரு சொல்லுங்க,” என்றார்.

“சொன்னா அவங்க சோறு போய்டுமா?”

“போவாதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது பாய். வேற செக்‌ஷனுக்கு மாத்தணும்னு எழுதுவேன். வேலைய விட்டு எடுக்கக் கூடாதுன்னும் எழுதுவேன். எங்க பெரிய டாக்டரும் பேசுவாரு. அவ்வளவுதான் என் கையில இருக்குது.”

“சொல்லலன்னா?”

“சொல்லலன்னா வண்டி இங்க நிக்காது.”

இதற்கிடையில் யாரோ சொல்லி அஸ்பாக் வந்து கதவருகில் நின்றிருந்தார். “பாய், இத என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் பேசியிருக்கலாம்,” என்றார் மெதுவாக. “இப்படிச் செய்யுங்கன்னு நான் உங்கள ஒரு தடவகூட சொன்னதில்லையே.”

“சொல்லல தம்பி. நீங்க சொல்லவே தேவையில்லாம நானே பண்ணிட்டேன். அதான் எனக்கு பேஜாரா இருக்குது.”

அஸ்பாக் போகவில்லை. அங்கேயே நின்றார்.

ஆபித் பாஷா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். வெறும் பெயராக அவருக்குச் சொல்ல வரவில்லை. “ஹஸன். வலது உள்ளங்கை, நடுவுல ஒண்ணு. ஜோசுவா. ரெண்டு கட்டவெரலும், எடது கை மணிக்கட்டும். தேவகி. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவுல, ஆறு வருஷமா. கோபி. பொறங்கை, போன ரம்ஜான்ல ஆறிச்சு, மறுபடி வந்துடுச்சு.” சொல்லும்போது அவருடைய கைகள் காற்றில் எதையோ வாங்கித் திருப்பிக்கொண்டிருந்தன. முப்பத்தொரு பெயர். எழுதியது எதையும் பார்க்கவில்லை. “சுந்தரி. வலது கை கட்டவெரல் பக்கம் ரெண்டு. கொஞ்ச நாளா மூக்குல ரத்தம் வருதுன்னிச்சு. சொட்டு மருந்து குடுத்தேன். மூச்சும் வாங்குது.” அங்கே நிறுத்தினார். “மூச்சு வாங்குறத நான் யாருக்கும் சொல்லல.”

டாக்டர் முத்துமாரியே வந்து பார்க்கும் பரிசோதனை அடுத்த திங்கட்கிழமை என்று முடிவாயிற்று. புகைப்படம் எடுக்காமல் நான் திரும்பினேன். எடுக்கட்டுமா என்று கேட்கிற துணிச்சல் வரவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் மறுபடியும் அங்கே நின்றேன். பத்திரிகைக்காகப் போனேன் என்று சொன்னால் பொய். நான் ரசித்த சாமர்த்தியத்தின் மறுபக்கத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அன்று வாசலில் கை பார்க்க அவர் நிற்கவில்லை. ஒவ்வொருவரையும் முகம் பார்த்து, “இன்னிக்கு நீயும் போய் நில்லு. எல்லாத்தையும் காட்டு, மறைக்காத,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிலர் முறைத்தார்கள். ஜோசுவா, “இத்தினி வருஷம் ஒளிச்சு வெச்சுட்டு இப்ப காட்டிக் குடுக்குறியா பாய்?” என்று வாசலிலேயே கத்தினார். ஆபித் பாஷா, “ஆமாம்பா,” என்று மட்டும் சொன்னார்.

சுந்தரி கையில் ஒரு துணிப்பையோடு வந்தார். நாற்பத்து மூன்று வயது, ஒடிசலான உடம்பு, நாலு எட்டு நடந்தால் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார். “இன்னா பாய், இந்த வருஷம் கை லீவு கெடையாதா? அக்காகிட்ட வர்றேன்னு சொல்லிட்டேனே,” என்றார். ஆபித் பாஷா முதலுதவி அறையைக் கைகாட்டினார்.

வரிசை நீளமாக இருந்தது. அறை வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. சுந்தரியின் முறை வந்தபோது, துணைக்கு இருக்கட்டும் என்று டாக்டர் முத்துமாரி பாயையும் உள்ளே கூப்பிட்டார். நான் ஜன்னலருகில் நின்றிருந்தேன். டாக்டர் கைகளைப் பார்த்தார். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு தலையை நிமிர்த்தச் சொல்லி, சின்ன டார்ச்சை மூக்கின் வலது துவாரத்தில் காட்டினார்.

இடது துவாரத்தில் வெளிச்சம் வந்தது.

டாக்டர் டார்ச்சை அணைத்து மறுபடியும் போட்டார். நடுத்தண்டில் ஒரு பொத்தல். அதன் வழியாக வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. “இது இன்னிக்கு நேத்து வந்தது இல்ல,” என்றார் டாக்டர், யாரையும் பார்க்காமல். “ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடியே பாத்து, கெமிக்கல் ரூமவிட்டு மாத்தியிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காது. நுரையீரலுக்கு வேலூர்ல போய் எல்லா டெஸ்ட்டும் எடுக்கணும்.” வண்டி இனி இங்கே நிற்கும் என்பது அந்த நிமிடத்திலேயே உறுதியாகிவிட்டது. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட அறையில் யாரும் இல்லை.

சுந்தரி வெளியே வந்தார். ஆபித் பாஷா பின்னாலேயே வந்தார். சுந்தரி ஒரு விரலால் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். இருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

“ஓட்டைன்றாங்க பாய். எனக்கு வலியே இல்ல,” என்றார் சுந்தரி. தப்பு செய்துவிட்டவர் போலக் குரல் தாழ்ந்திருந்தது. “வலிச்சிருந்தா உங்ககிட்ட சொல்லியிருப்பேனே. சொல்லாம வெச்சுக்குவேனா? நீங்க எங்களுக்கு எவ்ளோ பண்ணீங்க.”

ஆபித் பாஷா சட்டென்று திரும்பி, வரிசைக்காரர்களின் கால் பட்டு நாலாபக்கமும் சிதறிக் கிடந்த செருப்புக் குவியலுக்குள் போய்க் குனிந்தார். தேடினார். தினமும் வாசலில் தலை குனிந்தே நிற்பவருக்கு எந்தச் செருப்பு யாருடையது என்று தெரிந்திருக்கிறது. நீலவார் ரப்பர் செருப்பு ஒன்று சுவரோரம் கிடந்தது. மற்றது, வாரில் ஊக்கு குத்தியது, வாசல் பெஞ்சுக்கு அடியில் இருந்தது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

“ஐயோ பாய், இன்னா பண்றீங்க, கீழ போடுங்க,” என்று சுந்தரி பதறிப் பின்வாங்கினார்.

அவர் முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்து, செருப்புகளை ஜோடியாக, வார் முன்பக்கம் இருக்கும்படி, சுந்தரியின் காலடியில் வைத்தார். சுந்தரி கால் நுழைக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.